பரணில் கிடந்த ரிமோட் டாங்க்: புதுக் கட்டை போடுவதற்கு முன்னால்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் அவருடைய பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த ரிமோட் கண்ட்ரோல் டாங்க் ஒன்று வீட்டில் இருக்கிறது. அடியில் ஜப்பானில் செய்தது என்று எழுத்து இருக்கிறது, பெட்டி தொலைந்துவிட்டது. ரிமோட்டில் இரண்டு குச்சிகள், இழுத்து நீட்டும் ஏரியல். வெகுகாலம் பரணில் கிடந்தது. 2018 நவம்பரில் கஜா புயலில் ஓடு பறந்தபோது மழையில் நனைந்தது. இப்போது எடுத்துப் புதுக் கட்டை (பேட்டரி) போட்டால் அசையவில்லை, லேசாகக் கருகல் வாசனை வருகிறது. இடது பெல்ட்டும் அறுந்திருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஆன்லைனில் கிடைக்கும் சீன டாங்க் போர்டு (மின்சுற்றுப் பலகை) ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா என்கிறார்.

தம்பி, வேண்டாம். இப்போதைக்கு எதையும் பிடுங்காதீர்கள். கட்டைகளை மட்டும் கழற்றி வெளியே வையுங்கள், ரிமோட்டில் இருப்பதையும் சேர்த்து. இந்த வயதுள்ள டாங்கைச் சரிசெய்வதில் மின்சாரம் கடைசி வேலை. அழுக்கு, பல்சக்கரம், மோட்டார், பெல்ட் என்று வரிசையாகப் பார்த்து, கையால் தள்ளினால் வண்டி தடையில்லாமல் உருள்கிறது என்ற நிலை வந்த பிறகுதான் கட்டை. "போர்டு போயிடுச்சு" என்று சொல்லி என்னிடம் கொடுக்கப்பட்ட பழைய டாங்குகளில் பெரும்பாலானவற்றில் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கட்டைக் கசிவும் இறுகிப்போன கிரீஸும்தான் அவற்றை முடக்கி வைத்திருந்தன.

ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்தக் கருகல் வாசனை சுவிட்சைப் போட்டதுமே வந்ததா, ரிமோட் குச்சியைத் தள்ளியபோது வந்ததா? குச்சியைத் தள்ளியபோதுதான் என்றால் அது நல்ல செய்தி. ரிமோட் அலையை அனுப்புகிறது, டாங்க் அதை வாங்குகிறது, போர்டு மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது என்று அர்த்தம். மோட்டார்தான் சுற்ற முடியாமல் நிற்கிறது. பூட்டிக்கொண்ட மோட்டார், சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். காயிலின் மேலுள்ள வார்னிஷ் சூடாகி வாசனை கிளம்பும். சுவிட்சைப் போட்டதுமே வந்தது என்றால் போர்டில் எங்கோ ஷார்ட், அல்லது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதும் கழற்றி எறிகிற கட்டம் வந்துவிடவில்லை.

என்ன டாங்க் என்று தெரிந்துகொள்ளப் பெட்டி தேவையில்லை. ஒரு பக்கத்தில் தரையைத் தொடும் சக்கரங்களை எண்ணுங்கள். ஏழு சக்கரம் இருந்து, பெல்ட்டை இழுக்கும் பல்சக்கரம் பின்னால் இருந்தால் ஜெர்மன் லெப்பர்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து பெரிய சக்கரங்கள் என்றால் ரஷ்ய டி-34 அல்லது டி-55. ஆறு சின்னச் சக்கரங்கள் இரண்டிரண்டாக ஒரே கூட்டில் தொங்கி, இழுக்கும் பல்சக்கரம் முன்னால் இருந்தால் ஷெர்மன். சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் டைகர், பாந்தர் வகை. பிறகு அகலத்தை அளந்து கொள்ளுங்கள். நிஜ லெப்பர்ட் 1-இன் அகலம் சுமார் 3.37 மீட்டர். உங்கள் வண்டி 21 செ.மீ. இருந்தால் 1/16 அளவு, 14 செ.மீ. இருந்தால் 1/24. பெல்ட்டும் சக்கரமும் தேடும்போது இந்த இரண்டு விவரமும் இல்லாமல் ஒரு கடைக்காரரிடமும் பேச முடியாது. (நம் ஆவடியில் 1965 முதல் செய்யப்பட்ட விஜயந்தா டாங்குக்கு ஆறு சக்கரம். அந்த உருவத்தில் ஒரு பழைய ரிமோட் பொம்மை எங்காவது இருந்தால் பார்க்க எனக்கு ஆசை.)

இன்னொரு முக்கியமான பிரிவு உண்டு. அந்தக் கால டாங்குகள் இரண்டு வகை. ஒன்று, வாங்கி நாமே பூட்டுகிற கிட். ஜப்பானின் டாமியா 1974-லேயே 1/16 அளவில் லெப்பர்ட் ஏ4 டாங்கை ரேடியோ கண்ட்ரோல் கிட்டாக வெளியிட்டது. அவர்களுடைய முதல் ரேடியோ கார் வந்ததே 1976-இல்தான். இந்த வகைக்கு ரேடியோ தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம் போகும், குச்சிக்குப் பக்கத்தில் அதன் நடுநிலையைச் சரிசெய்யும் சின்ன டிரிம் நெம்புகோல் இருக்கும். இரண்டாவது, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டுகிற பொம்மை. அதில் குச்சியைத் தள்ளினால் முழு வேகம், விட்டால் நிற்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு குச்சியும் ஒரு பக்கத்து மோட்டாருக்கு. நீங்கள் சொல்கிற ரிமோட்டில் டிரிம் இல்லை என்றால் உங்களுடையது இரண்டாவது வகை. கூத்தாநல்லூர், நாகூர், மன்னார்குடி வீடுகளில் இந்த வகைதான் அதிகம். நாகப்பட்டினத்தைத் தொட்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில், துணிமணிக்கும் தைலத்துக்கும் நடுவில் வைத்து எடுத்துவந்தவை. அந்தக் கப்பல் 1985-இல் தீப்பிடித்து நின்றுபோனது. உங்கள் பெரியப்பா அதில் வந்தாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சரி, கழற்றுவோம். ஜப்பான் ஸ்குரூவின் குறுக்குவெட்டு நம்மூர்ச் சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவருக்குப் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி வெளியே வந்து தலையைத் தின்றுவிடும். அதற்கு ஜிஸ் என்ற ஜப்பானியத் தரத்து டிரைவர் வேண்டும். ஜப்பான் பைக்குகளின் கார்புரேட்டரில் இருப்பதும் இதே ஸ்குரூதான், அதனால் விவரமான பைக் மெக்கானிக்கிடம் கேட்டால் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்குரூ வந்த இடத்தையும் ஓர் அட்டையில் டாங்கின் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வையுங்கள். வயர்களைப் பிரிக்கும் முன் போனில் படம் எடுங்கள், நிறம் தெரிகிற மாதிரி. திரும்பப் பூட்டும்போது ஸ்குரூவை முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் அது "டக்" என்று இறங்கும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது. பழைய டாங்குகளில் மூடி ஆடுவதற்குப் பாதிக் காரணம் இதைச் செய்யாமல் பூட்டியதுதான்.

மேல்மூடியை, ஸ்டிக்கர் இல்லாத இடங்களில், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவலாம். பட்டுப்புடவைக்குச் செய்கிற பக்குவம் இதற்கும் போதும். போர்டையும் மோட்டாரையும் தண்ணீரில் காட்டக் கூடாது என்று பலர் சொல்வார்கள். மோட்டாருக்கு அது சரி. போர்டு ஏற்கனவே மழையில் நனைந்து ஓட்டுத்தூளும் ஒட்டடையும் படிந்திருந்தால், கழுவாமல் விடுவதுதான் கெடுதல். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரால் முதலில் கழுவி, பிறகு செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு முறை அலசி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு ஆகாது, அதில் கிளிசரின் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய டாங்க் என்றால் இதைவிடக் கூடுதல் வேலை: ஆற்று வண்டல் காய்ந்தால் பல்சக்கரத்துக்குள் அரைமண்ணாகத் தங்கும், அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றித்தான் எடுக்க முடியும்.

கட்டைப் பெட்டியில் கசிவு இருந்தால், எந்த வகைக் கட்டை கசிந்தது என்று பார்த்துத்தான் மருந்து. பழைய துத்தநாகக் கட்டையின் கசிவு அமிலத் தன்மை உள்ளது. பழுப்பாக, பிசுபிசுப்பாக, ஸ்பிரிங்கில் துருவோடு இருக்கும். அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். ஆல்கலைன் கட்டையின் கசிவு காரம். வெள்ளைப் பூவாகப் பொரிந்து நிற்கும். அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. மாற்றித் தடவினால் வேலைக்கு ஆகாது. சுருங்கும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நிக்கல் காட்மியம் பேட்டரி உள்ளே இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். காட்மியம் நஞ்சு; அதைக் கொளுத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம், 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி சேகரிப்பு இடத்தில் கொடுக்க வேண்டியது. அந்தப் பேட்டரியின் காரம் வயருக்குள்ளேயே ஏறும். உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு கருத்திருக்கும், சால்டர் ஒட்டாது. கருப்பு முடியும் இடம்வரை வெட்டிக்கொண்டே போவதைவிட முழு வயரையும் மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பிரிங்கும் தகடும் அரித்துப் போயிருந்தால், கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளில் கழிவாக விழும் மெல்லிய பித்தளைத் தகடு ஒரு துண்டு போதும். கத்தரிக்கோலால் வெட்டி, மேலே சால்டர் ஈயத்தை மெல்லியதாகப் பூசினால் பச்சை பூக்காது. இதைப் பழைய தகட்டின் ஓட்டையிலேயே பொருத்துங்கள், புதிதாகத் துளை போடாமல்.

இனி கியர் பாக்ஸ். நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இங்கேதான். திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பழைய கிரீஸ். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்தது தேன் நிறத்தில் இறுகி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழும், ஆனால் வழியாது. பல்சக்கரத்தை விரலால் தள்ளினால் கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். உங்கள் மோட்டார் எதிர்த்துப் போராடியது இதைத்தான். இரும்புக் கம்பியோ ஊசியோ வைத்துச் சுரண்டாதீர்கள், பல்லில் கீறல் விழும். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சாய்வாகச் சீவிக் கொள்ளுங்கள். அது பல்லின் இடைவெளிக்குள் சரியாக நுழையும், பிளாஸ்டிக்கைவிட மென்மையாகவும் இருக்கும். சுரண்டி எடுத்த பிறகு ஆல்கஹால் தொட்ட பிரஷால் தேய்த்தால் மிச்சம் கரைந்துவிடும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தின்னரும் அசிட்டோனும் கியர் பாக்ஸின் உறையை உடனே கரைக்கும்; மற்றவை உடனே ஒன்றும் செய்யாதது போலிருந்து, ஸ்குரூ இறுக்கிய இடங்களில் நாள் கழித்து விரிசல் விடும்.

திரும்ப வைக்கும் மசகுக்கு சிலிக்கான் கிரீஸ் நல்லது, வெள்ளை லித்தியம் கிரீஸும் பரவாயில்லை. பல்லின் மேல் ஈரம் தெரிகிற அளவு போதும். தேங்காய் எண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, தையல் மிஷினுக்கு ஊற்றியதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். டாங்குக்கு அது கூடவே கூடாது. மார்கழிக் காலையில் உறைந்துவிடும், நாள்பட்டால் காறிப் பிசினாகும்.

மோட்டாரின் அச்சில் செருகியிருக்கும் சின்னப் பல்சக்கரத்தை, அதாவது பினியனை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அச்சு இறுக்கமாகச் செருகப்பட்டிருப்பதால் அந்தப் பிளாஸ்டிக் எந்நேரமும் உள்ளிருந்து விரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வருடங்கள் போனால் ஒரு பல்லின் அடியில் மயிரிழைக் கீறல் விழும். ஓட்டினால் "டக் டக்" என்று தாளமாகச் சத்தம் வரும், ஏற்றத்தில் அச்சு மட்டும் சுற்றி வண்டி நிற்கும். பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை. பித்தளைப் பினியன் வாங்கிப் போடுங்கள். வாங்க இரண்டு அளவு தேவை. பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அதை அந்தத் தொகையால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவு, கிடைக்கும். 10 பல், 6 மி.மீ. விட்டம் என்றால் 6-ஐ 12-ஆல் வகுக்க 0.5. அச்சின் தடிமன் சின்ன மோட்டார்களில் 2 மி.மீ., 380 ரகத்தில் 2.3, 540 ரகத்தில் 3.17. இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் இணையக் கடைகளிலேயே கிடைக்கிறது. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரங்களில் பல் உடைந்திருந்தால்தான் லேத் பட்டறைக்கோ முப்பரிமாண அச்சுக்கோ போக வேண்டிவரும். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள், அளவு எடுக்க அவைதான் ஆதாரம்.

மோட்டாரைத் தனியாக எடுத்து ஒரே ஒரு பென் டார்ச் செல்லில், 1.5 வோல்ட்டில், கையில் பிடித்து ஓட்டுங்கள். சுற்றவில்லை என்றால் விரலால் அச்சைச் சில சுற்று சுற்றிவிட்டு மறுபடி கொடுங்கள். பிரஷும் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் முனை) கம்யூட்டேட்டரும் (அது உரசும், அச்சோடு சுற்றும் செம்பு வளையம்) தொடும் இடத்தில் படிந்த கறைதான் பல சமயம் காரணம். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு ஓடவிட்டால் தெளிந்துவிடும். காயில் உண்மையிலேயே கருகியிருந்தால் அதே அளவு புது மோட்டாரை மாற்றுங்கள். டெல்டாவில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இல்லை, ஆனால் இந்தச் சின்ன மோட்டாருக்குக் கட்டுவது அவர்கள் நேரத்துக்குக் கட்டுபடியாகாது. மோட்டாரின் உடம்பில் சால்டர் செய்த சின்ன வட்டக் கெப்பாசிட்டர்கள் இருந்தால், புதிய மோட்டாரிலும் மறக்காமல் போடுங்கள். 104 என்று எழுதியிருக்கும், 0.1 மைக்ரோஃபாரட். பிரஷின் தீப்பொறி ரேடியோவைக் குழப்பாமல் தடுப்பது அவைதான். அவை இல்லாமல் ஓட்டினால் டாங்க் தன் சத்தத்தையே ரிமோட்டின் கட்டளை என்று நினைத்துத் துள்ளும்.

பெல்ட் விஷயத்தை டெல்டாக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். சம்பா அறுவடைக்கு ஈரம் காயாத வயலில் டயர் வண்டியை இறக்காமல் பெல்ட் வண்டியை இறக்குகிறார்களே, அதன் டிரைவர் காலையில் முதல் வேலையாகப் பெல்ட்டின் தொய்வைப் பார்ப்பார். ரொம்ப இறுக்கினால் எஞ்சின் பலம் பெல்ட்டை இழுப்பதிலேயே போகும், பேரிங் தேயும். ரொம்பத் தளர்ந்தால் வரப்போரம் திரும்பும்போது பல்லைவிட்டுக் கழன்றுவிடும். உங்கள் டாங்குக்கும் இதே கணக்குதான். மேல்பக்கப் பெல்ட் நடுவில் லேசாகத் தொய்ந்து தெரிய வேண்டும், விரலால் தூக்கினால் எழும்ப வேண்டும். இழுக்கும் பல்சக்கரத்துக்கு எதிர்முனையில் இருக்கிற சும்மா சுற்றும் சக்கரத்தை முன்பின் நகர்த்த ஏற்பாடு இருந்தால் அதில் சரிசெய்யுங்கள். பொம்மை வகையில் அது பெரும்பாலும் இருக்காது. அப்போது பெல்ட்டின் நீளமே தொய்வைத் தீர்மானிக்கும்.

அறுந்த பெல்ட் ஒரே துண்டாக வார்த்த ரப்பரா, வினைலா, இல்லை கண்ணி கண்ணியாகக் கோத்ததா என்று பாருங்கள். கண்ணி என்றால் உடைந்த கண்ணியை மட்டும் மாற்றி, அதே தடிமனில் பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகலாம். வினைல் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்கி நேராக்கிய பிறகு, அறுந்த இரண்டு முனைகளையும் தூண்டில் நரம்பால் உட்பக்கமாகத் தைத்துவிடலாம். நாகையில் வலை பின்னுகிற கடைகளில் கிடைக்கிற நைலான் நரம்பில் மெல்லியது போதும். முடிச்சு பல்சக்கரம் கடிக்கும் இடத்தில் வராமல், இரண்டு பல்லுக்கு நடுவில் விழ வேண்டும். ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்திருந்தால் அதை இளக்க வழியே இல்லை, எந்த எண்ணெயும் அதற்கு உயிர் கொடுக்காது. வலது பெல்ட்டை மாதிரியாக வைத்துப் புதிதாக அச்சிட வேண்டியதுதான். டிபியு என்ற வளையும் பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு எடுத்துத் தருகிற கடைகள் இப்போது பெரிய ஊர்களில் உண்டு. அளவு கொடுக்கும்போது ஒரு பல்லின் தூரத்தை அளந்து கொடுக்காதீர்கள். பத்துப் பல்லின் தூரத்தை மொத்தமாக அளந்து பத்தால் வகுத்துக் கொடுங்கள். ஒரு பல்லில் கால் மில்லிமீட்டர் பிசகினால் முழுச் சுற்றில் பெல்ட் பல்சக்கரத்தின் மேல் ஏறி உட்காரும்.

சக்கரங்களில் பெல்ட் தொட்டுக்கொண்டிருந்த இடம் உருகிப் பள்ளமாகி இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் உருகியது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தைக் கரைப்பதுதான் காரணம். நிழலில் வைத்திருந்தாலும் நடக்கும். பள்ளம் ஆழமில்லை என்றால் மாடல் பொம்மைகளுக்கான பட்டியால் (புட்டி) நிரப்பித் தேய்த்துவிடலாம். இனிமேல் வைக்கும்போது பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அலுமினிய ஃபாயில் ஒரு துண்டு செருகிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்து வண்டியைத் தரையில் தள்ளினால் இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இப்போது மின்சாரம். நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் சந்தேகமான மோட்டாருக்கு சீரீஸ் பல்ப் போட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, அதே முறைதான். உங்கள் டாங்க் 6 வோல்ட்டோ 7.2 வோல்ட்டோ என்றால், பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்ப் ஒன்றைக் கட்டைக்கும் டாங்குக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். டாங்கை ஒரு டப்பாவின் மேல் ஏற்றி, பெல்ட் தரையைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் பல்ப் சிவந்து அப்படியே நின்றால் ஷார்ட், உடனே அணைக்க வேண்டும். ஒன்றும் எரியாமல், குச்சியைத் தள்ளியதும் ஒரு கணம் சிவந்து மங்கி மோட்டார் சுற்றினால் எல்லாம் நலம். சிவந்தது மங்காமல் நின்றால் மோட்டார் இன்னும் எங்கோ பூட்டிக்கொண்டிருக்கிறது. ஷார்ட்டே இருந்தாலும் பல்ப் கரண்டை அரை ஆம்பியர் அளவில் பிடித்து நிறுத்திவிடும், அதனால் எதுவும் கருகாது.

ரேடியோவில் கை வைக்கும் முன் எளியவற்றைப் பாருங்கள். ஏரியலின் அடியில் இருக்கும் ஸ்குரூ களிம்பேறித் தளர்ந்திருக்கும். அதைத் தேய்த்து இறுக்கினாலே தூரம் கூடிவிடும். டாங்கின் ஏரியல் வயர் நீளமாகத் தொங்குகிறது என்று வெட்டாதீர்கள். உங்கள் ரிமோட் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலச் சானல்கள் 26.995, 27.045, 27.095, 27.145, 27.195, 27.255 என்று ஆறு. வரிசையாகப் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் கட்டியிருப்பார்கள். கிட் வகையில் டாங்குக்குள்ளும் ஒரு கிறிஸ்டல் (அலைவரிசையைத் தீர்மானிக்கும் சின்ன உலோகக் கூடு) இருக்கும், அது ரிமோட்டினுடையதைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவு: 27.145-க்கு ஜோடி 26.690. இரண்டையும் யாரோ இடம் மாற்றிச் செருகியிருந்தால் வண்டி அசையாது, போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ரிமோட் அலை விடுகிறதா என்று பார்க்க, கணினியில் செருகும் மலிவான எஸ்டிஆர் டாங்கிள் (ரேடியோ அலையைத் திரையில் காட்டும் சின்னக் கருவி) ஒன்று போதும். பெரும்பாலானவை 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து கேட்கும். குச்சியைத் தள்ளும்போது திரையில் கோடு எழுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

போர்டில் உப்பியோ அடியில் கசிந்தோ இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, வெப்ப அளவு 105 டிகிரி போட்டது. பட்டை உள்ள பக்கம் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கும். ரிலே இருந்தால் அதன் முனைகளுக்கு நடுவில் ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தை வைத்து இழுங்கள், உப்புத்தாள் வேண்டாம். சதுர உலோகக் கூட்டுக்குள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தலை தெரியும் காயில்கள் இருக்கும். அவற்றைத் திருப்பிப் பார்க்க விரல் துறுதுறுக்கும், திருப்பாதீர்கள். தொழிற்சாலையில் டியூன் செய்து மெழுகு வைத்து மூடியது அது. ஸ்குரூ டிரைவர் முனை பட்டாலே உள்ளிருக்கும் ஃபெரைட் உடையும். சரியாக இருந்த எத்தனையோ ரிசீவர்கள் அந்த ஒரு திருப்பலில்தான் செத்திருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் போர்டு தேறவில்லை என்றால் புதுசு போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழசுக்குத் திரும்பும் வழி மட்டும் திறந்திருக்க வேண்டும். உடம்பில் வெட்டாமல், துளைக்காமல், பழைய வயர்களை வெட்டாமல் கனெக்டரில் பிரித்துப் பொருத்துங்கள். பழைய போர்டை உலர்ந்த கவரில் போட்டு, எந்த வயர் எங்கே என்று எழுதி, டாங்கோடு வையுங்கள். இன்றைக்குப் பழுது பார்க்க ஆள் கிடைக்காதது ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கலாம். வெட்டின உடம்பைத்தான் யாராலும் திருப்பித் தர முடியாது. நீங்கள் சொல்லும் சீன போர்டுகள், ஹெங் லாங் என்ற சீன நிறுவனத்தின் 1/16 டாங்குகளுக்கு வருகிறவை, 7 வோல்ட்டுக்கு மேலான பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் மோட்டார் இரண்டு பெரிய கட்டையில், 3 வோல்ட்டில் ஓடுவது என்றால் அந்த போர்டைப் போட்ட அன்றே மோட்டார் போய்விடும். இரண்டு மோட்டாரையும் கலந்து திருப்புகிற வசதியுள்ள சின்ன பிரஷ்டு ஈஎஸ்சி (பிரஷ் உள்ள மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) ஒன்றும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் போதும். பூட்டிக்கொண்ட நிலையில் உங்கள் மோட்டார் எடுக்கும் கரண்டை ஒரு நொடி அளந்து, அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் ஈஎஸ்சியாகப் பாருங்கள். பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடாக இருக்கட்டும், பிளஸ் வயரில் ஒரு ஃபியூஸ் அவசியம். பழைய வயரிங் உள்ள உடம்புக்குள் லித்தியம் பேட்டரி வைக்க நான் சொல்லமாட்டேன்.

பெயின்ட்டைச் சுரண்டி முழுசாகப் புதுசு அடிக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். மூலையில் தேய்ந்த பச்சையும் பாதி உரிந்த எண்ணும் உங்கள் பெரியப்பா வீட்டில் அது ஓடியதன் அடையாளம், வாங்குகிறவர்களும் அதற்குத்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள். மூடியில் விரிசல் இருந்தால், அது முடியும் இடத்தில் 1 மி.மீ. துளை ஒன்று உட்பக்கமாகப் போட்டு மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். இந்த ஒரு துளைக்கு மட்டும் நான் விதிவிலக்குத் தருவேன். உடம்பு ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் என்றால், பழைய கீபோர்டு மூடித் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பை உட்பக்கம் மட்டும் மெல்லியதாகத் தடவிப் பலப்படுத்தலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

ஓட்டுவது சிமென்ட் களத்திலோ திண்ணையிலோ இருக்கட்டும். ஆற்று மணலில் ஏற்றிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். அந்த மணல் பிளாஸ்டிக் பல்லை அரத்தால் தேய்ப்பதைவிட வேகமாகத் தேய்த்துவிடும். ஐப்பசி பிறப்பதற்கு முன் இரண்டு இடத்துக் கட்டைகளையும் எடுத்துவிட்டு, வயிற்றுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்துச் சக்கரங்களில் எடை விழாமல் தூக்கி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பரணுக்கு வேண்டாம், ஓட்டுக்கு அடியில் பகலெல்லாம் சூடும் இரவெல்லாம் ஈரமும்தான். அலமாரியின் நடுத்தட்டு போதும். தை பிறந்து ஈரம் குறைந்ததும் ஒரு முறை எடுத்து, கையால் இரண்டு பெல்ட்டையும் முழுச் சுற்று சுற்றிவிட்டு, பொட்டலங்களைப் புதிதாக மாற்றி வைத்தால் அடுத்த மழைவரை கவலையில்லை.